யாருடைய தூண்டுதலும் இன்றி

மல்லேஸ்வரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பெங்களூரு மல்லேஸ்வரத்துத் தமிழ் வீடுகளில் ஒரே காரியத்துக்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. பேரனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். வீட்டின் சொத்துப் பதிவான காத்தாவில் பெயர் மாற்ற வேண்டும். மகளின் டிரான்ஸ்ஃபரை நிறுத்த வேண்டும். பாட்டி, "யாராவது சிபாரிசு பண்ணினா ஆகும்" என்பார். எதிர்வீட்டுக் கன்னடக்காரர், வசீலி இல்லாமல் நடக்காது என்பார். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் மகன், "இன்ஃப்ளுயன்ஸ் வேணும்பா" என்று பேச்சை முடித்துவிடுவார். சிபாரிசு பாரசீகத்திலிருந்து வந்தது, ஒருவருக்காக இன்னொருவர் எடுத்துச் சொல்வது. வசீலி அரபிச் சொல்லின் கன்னட உருவம். மூலத்தில் அதற்கு வழி, இடைநிலை என்று பொருள். காரியம் எப்படி நடந்தது என்பதன் சுவடு இரண்டு சொல்லுக்குள்ளும் இருக்கிறது. ஒன்றில் ஒரு கடிதமோ வாய்வார்த்தையோ உண்டு, மற்றதில் நடுவில் ஓர் ஆள் உண்டு. மூன்றாவது சொல்லில் அப்படி ஒரு சுவடும் இல்லை.

இந்த உரை அந்த மூன்றாவது சொல்லைப் பற்றியது. பெயராக நிற்கும்போது அது பாட்டியின் சிபாரிசுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வினையாக மாறும்போதுதான் வேடிக்கை தொடங்குகிறது. நீதிமன்றம், தேர்தல் மேடை, கைபேசித் திரை என்று பல இடங்களில் அந்த வினை தமிழர் வாழ்க்கைக்குள் புகுந்திருக்கிறது. புகுந்த இடத்திலெல்லாம், 'எப்படி' என்ற கேள்வியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் புகுந்திருக்கிறது.

லத்தீனில் இதன் வேர் உள்ளே பாய்வதைக் குறித்தது. விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் வழிந்து மனிதருக்குள் இறங்கி அவர்களுடைய குணத்தையும் விதியையும் ஆள்கிறது என்று இடைக்கால ஐரோப்பிய சோதிடர்கள் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலுக்கு வைத்த பெயர் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. குருப்பெயர்ச்சி பலன் படித்துவிட்டு வீடு பால் காய்ச்சும் நாள் குறிக்கிற சமூகத்துக்கு இது ஒன்றும் விளங்காத சங்கதி இல்லை. அவர்கள் பாய்ச்சல் என்றதை நம்மவர்கள் பார்வை என்கிறார்கள், அவ்வளவுதான். இத்தாலியில் கொள்ளைக்காய்ச்சல் பரவியபோது அதுவும் கோள்களின் வேலை என்று கருதி அதே சொல்லை நோய்க்கு வைத்தார்கள். 1743இல் அந்தக் காய்ச்சல் ஐரோப்பா முழுக்கச் சுற்றியபோது 'இன்ஃப்ளுயன்சா' ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆக, சிபாரிசுக்காரரும் சளிக்காய்ச்சலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இந்தப் பழைய சோதிடம் சொல்லின் இலக்கணத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரத்துக்கு எண்ணம் கிடையாது. அது கட்டளையிடுவதில்லை, கெஞ்சுவதில்லை, மிரட்டுவதில்லை. அதனால் இந்த வினைக்கு எழுவாயாக நிற்க மனம் தேவையில்லை, வாய் தேவையில்லை. அப்பா ஒரு முடிவை இன்ஃப்ளுயன்ஸ் செய்யலாம், பருவமழை செய்யலாம், பெட்ரோல் விலை செய்யலாம். சாராயமும் செய்யலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுத் தலைப்பில் இச்சொல் போதைப்பொருளின் பிடியைக் குறிக்க வருகிறது. மதுவைப் பொறுத்தவரை 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். நூல் பிடித்து அளந்து எண் வைத்த இடம் அநேகமாக இது ஒன்றுதான். வேறெங்கும் இந்தச் சொல்லுக்கு மீட்டர் கிடையாது.

பயன்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. 'பெர்சுவேட்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் எதிராளி இணங்கிவிட்டார் என்று அர்த்தம். இணங்காவிட்டால் அந்த வினையைப் போட முடியாது, முயன்றதாகத்தான் எழுத முடியும். இன்ஃப்ளுயன்ஸ் அப்படி இல்லை. கொஞ்சம் செய்யலாம், நிறையச் செய்யலாம், பத்துக் காரணங்களில் ஒன்றாக இருந்து செய்யலாம். முடிவு யாருடையது என்பதை அது தீர்த்துச் சொல்லாது. பள்ளியில் ஆங்கிலம் படித்த இந்தியர்கள் பலர் இந்த வினைக்குப் பின்னால் 'ஆன்' என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். அது பிழை. வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். 'ஆன்', 'ஓவர்', 'வித்' மூன்றும் பெயர்ச்சொல்லுக்கு உரியவை. அந்த மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு துறையின் போக்கில் பதியும் தடத்துக்கு 'ஆன்'. நமக்குக் கீழே இருப்பவர் மேல் உள்ள பிடிக்கு 'ஓவர்'. அதிகாரத்தில் இருப்பவரிடம் நம் பேச்சு எடுபடுவதற்கு 'வித்'.

மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் இருந்துவிடாது என்பதற்கு மல்லேஸ்வரத்தின் எல்லையிலேயே உதாரணம் இருக்கிறது. பஞ்சவடி என்ற பெயரில் சி.வி. ராமனின் வீடு இந்தப் பேட்டையில் இருக்கிறது. அவர் 1933இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற இந்திய அறிவியல் கழகமும் பக்கத்தில்தான். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். 1930இல் நோபல் பரிசு; ஒளிச்சிதறல் என்ற துறையின் மேல் அவர் போட்ட தடம் உலகம் அறிந்தது; மாணவர்கள் மேல் இருந்த பிடியும் அப்படியே. அதே 1933இல் ஹிட்லரின் ஜெர்மனி மாக்ஸ் பார்னை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. ராமன் அவரை அழைத்தார். 1935இன் பிற்பகுதியில் பார்னும் மனைவி ஹெடியும் பெங்களூரு வந்து ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார்கள். பார்னுக்கு இங்கேயே நிரந்தரப் பேராசிரியர் பதவி தர வேண்டும் என்று ராமன் ஆசைப்பட்டார். குவாண்டம் இயந்திரவியலை உருவாக்கியவர்களில் ஒருவர் பெங்களூரில் வகுப்பெடுப்பது அந்தக் கழகத்துக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு.

பேராசிரியர்கள் கூட்டத்தில் விஷயம் வந்தது. ராமன் பார்னை வாயாரப் புகழ்ந்து பேசினார். பிறகு மின்பொறியியல் துறைக்குப் புதிதாக வந்திருந்த ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்ட இரண்டாந்தர வெளிநாட்டுக்காரர் நமக்கு எதற்கு என்ற தொனியில் பேசினார். பார்ன் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பி மனைவி முன்னால் உடைந்து அழுததைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். 1936இல் அவர் எடின்பரோவுக்குப் போனார். ராமனின் நிர்வாகத்தை விசாரிக்கக் குழு அமைந்தது. 1937இல் ராமன் இயக்குநர் பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் நீடித்தார். இரண்டாந்தரம் என்று சொல்லப்பட்ட மனிதருக்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. ராமன் இயற்பியலில் அழியாத தடம் பதித்தவர். மாணவர்களுக்கு அவர் சொன்னதே சட்டம். நிர்வாகக் கூட்டத்து நாற்காலிகளிடம் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. ஆங்கிலத்தின் மூன்று முன்னிடைச்சொற்களுக்கு இதைவிடத் துல்லியமான பயிற்சிப் பாடம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைப்பது கடினம்.

மனம் இல்லாத எழுவாய்க்கும் இந்த ஊரே சாட்சி. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. ரயில் ஏறி வந்த நோய் அது. பழைய ஊரான பேட்டையின் நெரிசலான தெருக்களில் வீடு வீடாகப் பிணம் விழுந்தது. நோயாளியை மறைத்து வைத்த குடும்பங்களும் உண்டு, ஊசிக்குப் பயந்து ஓடியவர்களும் உண்டு. மைசூர் சமஸ்தானம் அந்தக் காலத்தில்தான் நகருக்கு வெளியே இரண்டு புதிய குடியிருப்புகளை எழுப்பியது: தெற்கே பசவனகுடி, வடக்கே மல்லேஸ்வரம். நேர்கோட்டில் மெயின் ரோடுகள், அவற்றை வெட்டும் கிராஸ் ரோடுகள், வீட்டுக்குப் பின்னால் கழிவு அள்ளுபவர்கள் வந்து போகத் தனிச் சந்து. இன்றைக்கு மல்லேஸ்வரத்தின் அழகு என்று பேசப்படும் காற்றோட்டமும் மரநிழலும் ஒரு கொள்ளைநோய் போட்ட வரைபடம். அதிகாரிகள் எடுத்துச் சொல்லி ஊரைக் காலி செய்ததைவிட எலித் தெள்ளுப்பூச்சி அதிகம் செய்தது. ஆங்கிலத்தில் தெள்ளுப்பூச்சி நகரமைப்பை இன்ஃப்ளுயன்ஸ் செய்தது என்று தயங்காமல் எழுதலாம். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. பூச்சிக்கு இல்லாத மனதை மக்கள் ஓர் அம்மனிடம் வைத்து, அவளிடம் பேசிப் பார்த்தார்கள்.

தமிழில் இதற்கு நேர்வினை என்ன என்று அகராதிக்குப் போனால் 'செல்வாக்கு செலுத்து' கிடைக்கும். செல்வாக்கு பழகிய சொல், அழகான சொல்: செல்லுகிற வாக்கு. அது ஒருவரிடம் இருப்பது, இல்லாமல் போவது, வளர்வது, சரிவது. 'செலுத்து' என்பது பிற்காலத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் பூட்டிய எஞ்சின். வாக்கு ஓட்டு என்றான பிறகு செல்வாக்குள்ளவர் தேர்தலில் நின்று செல்லாத வாக்குகளால் தோற்பதும் நடக்கிறது. தமிழில் மட்டும் கிடைக்கும் சிரிப்பு இது. சிறுபத்திரிகைக் காலத்து விமரிசகர்கள் ஓர் எழுத்தாளரின் மேல் இன்னொருவருடைய 'பாதிப்பு' என்று எழுதினார்கள். பிறகு 'தாக்கம்' வந்தது. இரண்டிலும் அடிபட்ட வலி இருக்கிறது. ரஷ்ய நாவல் படித்ததற்கு ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது என்று சொல்லும் விமரிசன மொழி உலகில் வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

பேச்சுத் தமிழ் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கும்: திருந்தினான், திருத்தினான், இணங்கினாள், இணக்கினாள், மயங்கினான், மயக்கினான். கு. பரமசிவம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் இந்த இரட்டைகளை ஆய்வு செய்தார். அது 1979இல் நூலாகவும் வந்தது. செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதை வைத்து இவற்றைப் பிரித்தால் தவறாகும், விளைவு யார்மேல் போய் இறங்குகிறது என்பதுதான் வேறுபாடு என்று அவர் காட்டினார். ஒருவன் மனைவியைப் பிரிந்தான் என்றால் மனைவி செயப்படுபொருள்தான், ஆனால் விளைவு அவன் மேலும் விழுகிறது. பொட்டலத்தைப் பிரித்தான் என்றால் விளைவு முழுக்கப் பொட்டலத்துக்கு. இந்த இரட்டைகளில் ஒன்றும் இன்ஃப்ளுயன்ஸ் நிற்கும் இடத்தில் நிற்காது. மயக்கினாள் என்றால் அவன் மயங்கியாயிற்று. அரைகுறைக்கு இடமில்லை.

அரைகுறைக்குத் தமிழ் துணைவினையைக் கூப்பிடுகிறது. சொல்லிப் பார்த்தார் என்றால் முயன்றார், பலன் தெரியவில்லை அல்லது கிடைக்கவில்லை. சம்மதிக்க வைத்தார் என்றால் காரியம் முடிந்தது. அந்த 'வைத்தார்' வந்துவிட்டால் கேட்பவர் சும்மா விடமாட்டார், எப்படி என்று கேட்பார். பெரும்பாலும் அவர் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: கெஞ்சிக் கூத்தாடி, மிரட்டி, ஆசை காட்டி, நைச்சியமாகப் பேசி, கையைக் காலைப் பிடித்து, புத்தி சொல்லி, பழைய கடனைச் சொல்லிக்காட்டிச் சம்மதிக்க வைத்தார். வினையெச்சம் முன்னால் வந்து வழியைச் சொல்லிவிடுகிறது. இலக்கணம் இதைக் கட்டாயமாக்கவில்லை, வழக்கம் ஆக்கியிருக்கிறது. திண்ணையில் ஒரு பாகப்பிரிவினைக் கதையைச் சொல்பவர் இந்த எச்சங்களை விட்டுவிட்டுச் சொன்னால் கதை உப்புச்சப்பில்லாமல் போகும்.

பத்திர எழுத்தர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாலும் உயில் சாசனம் ஏறக்குறைய ஒரே ராகத்தில்தான் தொடங்கும். எழுதி வைப்பவர் நல்ல மனநிலையிலும் பூரண ஞாபகசக்தியோடும் இருக்கிறார். பிறருடைய தூண்டுதலோ, வற்புறுத்தலோ, நிர்ப்பந்தமோ இன்றி மனப்பூர்வமாக எழுதுகிறார். சுவாரசியம் என்னவென்றால், அங்கே செல்வாக்கு என்ற சொல் அநேகமாக வருவதில்லை. வழிகளைத்தான் ஒவ்வொன்றாக அடுக்கி மறுக்கிறார்கள். பின்னால் இளைய மகன் வழக்குப் போடும்போது எந்தக் கதவு வழியாக வருவான் என்று தெரியாதல்லவா?

அந்தக் கதவுகளை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வரிசையாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. 15ஆம் பிரிவு வற்புறுத்தல். 16ஆம் பிரிவுதான் நம் சொல், ஆனால் தனியாக வரவில்லை. தகாத என்ற அடைமொழியோடு வருகிறது. ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆளும் நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையைப் பயன்படுத்த வேண்டும். அதனால் நியாயமற்ற ஆதாயம் அடைய வேண்டும். சட்டம் தரும் எடுத்துக்காட்டுகள் குடும்ப நாவல் எழுதப் போதும். முதல் எடுத்துக்காட்டு தகப்பன்: மைனராக இருந்த காலத்தில் மகனுக்குக் கொடுத்த பணத்துக்கு, அவன் மேஜரானதும் கூடுதல் தொகைக்குப் பத்திரம் எழுதி வாங்குகிறார். அடுத்து மருத்துவம் பார்ப்பவர்: நோயில் தளர்ந்தவரிடம் அளவுக்கு மீறிய கூலி பேசுகிறார். அடுத்தது கிராமத்து லேவாதேவிக்காரர். நான்காவதாக வங்கி அதிகாரி வருகிறார். பணச் சந்தை இறுகியிருக்கும்போது அதிக வட்டிக்குக் கடன் தருகிறார். அது குற்றமில்லை, வியாபாரம் என்கிறது சட்டம். லேவாதேவிக்காரருக்கும் வங்கிக்காரருக்கும் நடுவே சட்டம் கோடு போட்ட இடத்தைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மதராஸ் உயர்நீதிமன்றத்துக்கு 1889இல் வந்த ரங்கநாயகம்மா வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். கணவன் இறந்த வீடு. விதவைக்கு வயது 13. ஒரு பையனைத் தத்தெடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் மறித்து நிற்கிறார்கள். கூடத்தில் உடல் கிடக்கிறது; குழந்தை சரி என்று சொல்கிறாள். அந்தச் சரி செல்லாது, அது சுயசம்மதமே இல்லை என்று நீதிமன்றம் தத்தை ரத்து செய்தது. இந்தக் காட்சியை, உறவினர்கள் அந்தப் பெண்ணின் முடிவை இன்ஃப்ளுயன்ஸ் செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். இலக்கணப்படி அதில் பிழை இருக்காது. பிணத்தை எடுக்க விடாமல் சம்மதிக்க வைத்தார்கள் என்று தமிழில் சொன்னால் தீர்ப்பும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

1917இல் தீர்ப்பான அம்மிராஜு வழக்கு இன்னும் சிடுக்கானது. கணவர், தற்கொலை செய்துகொள்வேன் என்று சொல்லி, மனைவியையும் மகனையும் தம் சகோதரருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் எழுதித் தர வைத்தார். தன்னையே கொன்றுகொள்வேன் என்று மிரட்டுவது மிரட்டலா? தலைமை நீதிபதி வாலிஸும் நீதிபதி சேஷகிரி ஐயரும் ஆம், வற்புறுத்தல்தான் என்றார்கள். தற்கொலை செய்து முடித்தவரைத் தண்டிக்க வழியில்லை என்பதால் அந்தச் செயல் சட்டம் அனுமதித்த செயலாகிவிடாது என்பது அவர்கள் வாதம். நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் மாறுபட்டார். சட்டத்தின் சொற்களை இவ்வளவு இழுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வீடு நடக்கும் நாடகம் சட்டத் தொகுப்பில் ஏறியது இப்படித்தான்.

இதே கேள்வி தெருவுக்கு வரும்போது உண்ணாவிரதம் ஆகிறது. பொட்டி ஸ்ரீராமுலு 1952இல் சென்னை மயிலாப்பூரில் தனி ஆந்திரம் கேட்டு உண்ணாமல் இருந்து டிசம்பர் 15 அன்று உயிர் விட்டார். நான்கே நாளில் நேரு அறிவிப்பு வெளியிட்டார், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. அது தார்மிக வலிமையா, வற்புறுத்தலா என்று அப்போதே இரண்டு கட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைப் பொதுக் குற்றமாக வைக்கவில்லை. ஆனால் அரசு ஊழியரைத் தம் கடமையில் ஒன்றைச் செய்ய வைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் 226ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. கணவர் மனைவியிடம் செய்தது ஒப்பந்தச் சட்டத்துக்குப் போனது. குடிமகன் தாசில்தாரிடம் செய்வது குற்றவியல் சட்டத்துக்கு வந்திருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளையெல்லாம்விடச் சொல்லின் பொருளைச் சுத்தமாகப் பிரித்தது 1919இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த பூசாத்துரை வழக்கு. மதராஸ் மாகாணத்து வழக்கு அது. ஒருவர் மற்றவரின் ஆலோசனையை இயல்பாக நம்பி இருந்தார், மற்றவர் அவர் மனத்தை ஆளக்கூடிய நிலையில் இருந்தார் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதுவரைக்கும் கிடைத்தது வெறும் இன்ஃப்ளுயன்ஸ்தான், அதை அறிவோடும் நிதானத்தோடும் உதவியாகவும் பயன்படுத்த முடியும் என்றார் லார்டு ஷா. அதை எப்படிப் பயன்படுத்தினார், பேரம் நியாயமற்றதா என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். அதாவது, வழக்காடிகள் சொல்லாமல் விட்ட வினையெச்சத்தை நீதிபதி கேட்டு வாங்கினார்.

மல்லேஸ்வரத்துக்கு ஒரு நொடி திரும்பினால், காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி மேதரநிங்கனஹள்ளி என்ற கிராமத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்வது. சில ஆண்டுகளில் அந்த ஏகோஜிதான் தஞ்சாவூர் அரியணையில் ஏறினார். இப்படி எழுதிவைக்கும் அறக்கட்டளை என்பதே இறந்தவர் பிற்காலத்தாரின் கையைப் பிடித்து நடத்த முயல்வது. பத்திரப் பதிவு இல்லாத காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அதற்கு இரண்டு வழி வைத்திருந்தன: இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற மிரட்டல், காத்தவனின் பாதம் தம் தலைமேல் என்ற கெஞ்சல். வரப்போகும் அரசர்களை மிரட்டியும் கும்பிட்டும் ஒரே கல்லில் வேலையை முடித்தார்கள்.

அந்த மிரட்டலை இன்று ஒரு வேட்பாளர் செய்தால் பதவி போகும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, தகாத செல்வாக்கு என்ற தலைப்பில், ஊரைவிட்டு விலக்குவேன் என்று அச்சுறுத்துவதையும் தெய்வக் கோபம் வரும் என்று நம்பவைப்பதையும் ஊழல் நடவடிக்கையாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு, சட்டம் எழுதியவர்கள் வெறுங்காற்றில் எழுதவில்லை என்று புரியும்.

பணம் என்ற வழி வேறு. 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே ஓட்டுக்குப் பணம் தரும் ஒரு ஃபார்முலாவின் பெயராகிவிட்டது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே ரத்து செய்து நவம்பரில் மறுபடி நடத்தியது. பட்டுவாடா, கவர், டோக்கன் என்று வாக்காளர்கள் வழியைத் துல்லியமாகத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

ஆனால் தேர்தல் அறிக்கையில் இலவசம்? 2006இல் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தருவதாகச் சொன்னது, 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. இரண்டையும் எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜியின் வழக்கில் 2013 ஜூலை 5 அன்று நீதிபதிகள் ப. சதாசிவமும் ரஞ்சன் கோகாயும் தீர்ப்பளித்தார்கள். அறிக்கை வாக்குறுதி 123ஆம் பிரிவின் கீழ் ஊழல் நடவடிக்கை ஆகாது. அதே மூச்சில், இலவசங்கள் எல்லா மக்களையும் இன்ஃப்ளுயன்ஸ் செய்கின்றன என்பதில் சந்தேகமில்லை, நேர்மையான தேர்தலின் வேரை அவை அசைக்கின்றன என்றும் எழுதினார்கள். எழுவாய் இலவசம், மிக்சிக்கு மனம் கிடையாது. யார், எப்படி, எந்த அளவுக்கு என்று சொல்லாமலேயே வருத்தத்தைத் தெரிவிக்க இந்த வினை வசதியாக இருந்தது. தண்டிக்க அது உதவவில்லை. அறிக்கைகளுக்கு வழிகாட்டு விதி வகுக்கும் வேலை தேர்தல் ஆணையத்தின் தலையில் வந்து விழுந்தது. மதிய உணவுத் திட்டத்தையும் இதே வரியில் எழுத முடியும் என்பதை இலவசத்தைத் திட்டுபவர்கள் யோசிப்பதில்லை.

இப்போது அந்த வினை ஒரு தொழிலின் பெயராகிவிட்டது. இன்ஃப்ளுயன்சர் என்ற சொல் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, ஆனால் யாரும் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று பெங்களூரிலும் சென்னையிலும் பிழைப்பே அதுவாக உள்ளவர்கள் ஏராளம். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் 2021 மே மாதம் இவர்களுக்கு விதி வகுத்தது; மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தன் வழிகாட்டியை வெளியிட்டது; பங்கு வாங்கச் சொல்லித் தருபவர்களோடு பதிவுபெற்ற நிறுவனங்கள் கூட்டு வைக்கக் கூடாது என்று 2024இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கயிற்றை இறுக்கியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு ஆதரவு தருபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம்.

விதிகளின் சாரம் எளியது: பொருளைப் புகழப் பணமோ பரிசோ வாங்கியிருந்தால் அதைப் பார்வையாளருக்குத் தெரியும்படி போட வேண்டும். பூசாத்துரை வழக்கில் நீதிபதி கேட்டதையே இங்கே விதி கேட்கிறது. தமிழில் மணமணக்க ரசம் வைத்துக் காட்டும் பெண்மணி, கேட்பவர்களை 'அக்கா', 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு குக்கரின் அருமையைச் சொல்கிறார். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்று ஆங்கிலத்தில் கிடக்கிறது. விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியிலும் அடையாளம் போடலாம் என்று விதி இடம் தருகிறது. தமிழில் போடுவதானால், 'காசு வாங்கிக்கொண்டு சொல்கிறேன்' என்று மூன்றே சொல்லில் முடியும். குக்கர் கம்பெனியின் விளம்பரப் பிரிவு அந்த வினையெச்சத்துக்குச் சம்மதிக்குமா என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.